கமிஷனை வெட்டி வெளியேற வைத்தால் 30 நாள் எப்போதிலிருந்து?

கணக்குப்பிள்ளை:
"ராஜினாமா கடிதம் கொடுத்த அன்னைக்கே புகார் போடுற 30 நாள் கெடு ஓட ஆரம்பிச்சிடும்"னு லெனேசியாக்காரர் எழுதினதைப் படிச்சு எரிச்சல்தான் வந்தது. கமிஷனைக் குறைச்சு, சகிக்க முடியாம ராஜினாமா பண்ண வச்சா, அதை முதலாளி செஞ்ச நீக்கம்னு கேஸ் போடலாம். அதுக்குத் தென்னாப்பிரிக்கத் தொழிலாளர் உறவுச் சட்டம் 190ஆம் பிரிவு: ஒப்பந்தம் முடிஞ்ச நாள், வேலையை விட்டு நின்ன நாள், இதுல எது முந்தியோ அதுதான் நீக்க நாள். மார்ச் 3 கடிதம், 4 வாரம் நோட்டீஸ், மார்ச் 31 கடைசி நாள். தொழிலாளர் தகராறைத் தீர்க்கிற அமைப்பான சி.சி.எம்.ஏ.வுக்கு 7.11 புகார்ப் படிவம் கொடுக்க ஏப்ரல் 30 வரை நேரம் இருக்கு. கடிதத் தேதியிலிருந்து எண்ணினா வர்ற ஏப்ரல் 2 இல்லை.

லெனேசியாக்காரன்:
கடிதத் தேதியை வச்சு எண்ணினா யாருக்கு என்ன நஷ்டம்? பிந்திப்போனா தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போட்டுக் கெஞ்சணும்.

கணக்குப்பிள்ளை:
ஏப்ரல் 10ஆம் தேதி உங்க எழுத்தைப் படிக்கிறவர் கெடு போச்சுன்னு விட்டுடுவார். அவர் கையில இன்னும் 20 நாள் இருக்கு. அதுதான் நஷ்டம். நோட்டீஸ் நடுவுல மார்ச் 10ஆம் தேதியே நின்னுட்டா மட்டும் ஏப்ரல் 9.

பீனிக்ஸ் அக்கா:
தேதியை விடுங்கப்பா. கமிஷனை 8லிருந்து 5 சதவீதமாக் குறைச்சா, எழுத்துல புகார் கொடுக்காம ராஜினாமா பண்றாங்களே, அங்கதான் கேஸ் தோத்துப்போகுது. நிலைமை சகிக்க முடியாததுன்னு நிரூபிக்கிற பொறுப்பு தொழிலாளிக்கு.

கணக்குப்பிள்ளை:
அக்கா, சரி. ஆனா வேற வழியே இல்லைன்னு காட்டத் தேவையில்லைன்னு 2009இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லியாச்சு. தேதிக்கு வாங்க.

லெனேசியாக்காரன்:
12 மாசச் சம்பளம் வர்ற கேஸை ஒரு தேதிக்காகப் பணயம் வைக்கச் சொல்றீங்க. டர்பன்காரங்களுக்குத்தான் சட்டம் தெரியும், எங்க ஜோஹன்னஸ்பர்க்ல எல்லாரும் முட்டாள்!

கணக்குப்பிள்ளை:
ஊரை இழுக்காதீங்க. 12 மாசம்கிறது உச்சவரம்பு, உரிமை இல்லை. தராத கமிஷன் பாக்கி வேற விஷயம்: அது ஒப்பந்தக் கடன், காலாவதி 3 வருஷம். சட்டம் வச்ச வருமான வரம்புக்குக் கீழே இருந்தா அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம் 73ஏ பிரிவுப்படி சி.சி.எம்.ஏ., மேலே இருந்தா நீதிமன்றம். கமிஷன் எப்போ சேருது, ஆர்டர் கையெழுத்தாகும்போதா, பணம் வந்தப்புறமான்னு ஒப்பந்தத்துல பாருங்க. சம்பளச் சீட்டு, ஆர்டர் நகல் எல்லாம் கம்பெனி மெயில் மூடுறதுக்குள்ள எடுத்து வைங்க.

பீனிக்ஸ் அக்கா:
புதுக் கமிஷன் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டு வர்றவங்களை என்ன பண்றது? அதுக்கு யாரும் பதில் சொல்லலை.

லெனேசியாக்காரன்:
கடிதத் தேதிதான் பாதுகாப்பு. மாத்த மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
பாதுகாப்புக்குச் சீக்கிரம் போடுங்கன்னு எழுதுங்க, ஒத்துக்கறேன். சட்டம்னு எழுதாதீங்க. 190ஆம் பிரிவு. மறுபடியும் சொல்றேன், 190.