ஏரோஸ்பேஸ் வேலையில் நிலைத்தவர்களிடம் நேரில் பார்த்த குணம் என்ன? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

தம்பி ஏரோநாட்டிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். மார்க், சாஃப்ட்வேர் பற்றியெல்லாம் கல்லூரியில் சொல்லிவிடுகிறார்கள். ஆளாக எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

*

நான் பெங்களூருவில் விமானப் பாகங்கள் செய்யும் இடத்தில், கார்பன் ஃபைபர் பிரிவில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். பிசின் ஊறிய கார்பன் துணியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, குளிர் விட்டதும் அச்சின் மேல் அடுக்கடுக்காக, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் உள்ள கோணத்தில் ஒட்டிக்கொண்டு வருவோம். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும், உரித்துவிட வேண்டும். ஒன்று உள்ளே தங்கினாலும் அந்த இடத்தில் இரண்டு அடுக்கும் பிடிக்காது, ஆட்டோகிளேவில், அதாவது அழுத்தமும் சூடும் சேர்த்துக் கொடுக்கும் பெரிய அடுப்பில், வெந்து வந்த பிறகு கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் உரித்த தாள்களை எண்ணுவோம்.

ஒரு நாள் இரவு ஷிஃப்ட். அடுக்குகளை மூடிக் காற்றை உறிஞ்சும் வேக்யூம் பேக் போட்டாயிற்று, ஆட்டோகிளேவ் தயார். சேர்ந்து நான்கே மாதமான ஒரு பெண் வந்து, "அண்ணா, 24 தாள் இருக்கணும், 23தான் இருக்கு. ரெண்டு தடவை எண்ணிட்டேன். கடைசி அடுக்குகளைப் போட்டது நான்தான்" என்றாள். குரல் நடுங்கியது. இன்சார்ஜ் சார் சத்தம் போடவில்லை, "எந்த அடுக்கு வரைக்கும் உனக்கு நிச்சயமாத் தெரியும்மா?" என்று மட்டும் கேட்டார். பிரித்தோம். அடுக்குகளைப் பிரித்தால் நார் கலைந்துவிடும், பாகம் ஸ்கிராப்தான். உள்ளே தாள் இல்லை! விடியற்காலையில், தள்ளுவண்டிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அழுதுவிட்டாள். சார் பதிவேட்டில் "எண்ணிக்கை குறைந்ததால் நிறுத்தப்பட்டது, சரியான முடிவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்று புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அந்தப் பெண்தான்.

1999இல் செவ்வாய்க்குப் போன நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் அலகுக் குழப்பத்தால் அழிந்தது பலருக்கும் தெரியும், பவுண்டுக் கணக்கில் வந்த எண்ணை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டார்கள். என்னை உறுத்துவது வேறு. கணக்கு ஒத்துவரவில்லை என்று பாதையைக் கணிப்பவர்கள் சிலர் வழியிலேயே கவனித்திருந்தார்கள், அந்தச் சந்தேகம் முறைப்படி மேலே போகவில்லை. தம்பியிடம் அந்த 24ஆம் தாளையும் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

*

மேலே எழுதியவரின் இன்சார்ஜைப் படித்ததும் எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். 2019 ஜூலை 15, சந்திரயான்-2 பார்க்க ஸ்ரீஹரிகோட்டா பார்வையாளர் மாடத்தில் இருந்தேன். அதிகாலை 2.51க்கு ஏவ வேண்டியது, 56 நிமிடம் 24 வினாடி இருக்கும்போது கடிகாரம் நின்றுவிட்டது. அப்புறம் ரத்து என்று அறிவித்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் ஏமாற்றம். பக்கத்தில் இருந்த பெரியவர், ராக்கெட் எஞ்சின் சோதனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், "நிறுத்திட்டாங்கப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார், அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. ஒரு வாரம் கழித்து, 22ஆம் தேதி மதியம், அது நல்லபடியாகக் கிளம்பியது. அதற்கும் அவர் வந்திருந்தாரா தெரியாது, கூட்டத்தில் தேடிப் பார்த்தேன்.