ஸ்டெல்லன்போஷா, ஃபிரான்ஷ்ஹூக்கா? கேப் டவுன் அருகே இரண்டு நாள் ஓய்வுக்கு ஆலோசனை தேவை

கேட்பவர்: ஓய்வுபெற்ற ஆசிரியர், தருமபுரி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் ஓராண்டாகத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் பணிபுரிகிறாள். வருகிற பிப்ரவரியில் நானும் என் மனைவியும் அவளுடன் ஒரு மாதம் தங்கப் போகிறோம். வார நாள்களில் அவளுக்கு விடுப்பு கிடைக்காது என்பதால், ஒரு வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி ஞாயிறு மாலை திரும்பும்படியாக, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள பழைய டச்சுக் காலத்துச் சிற்றூர் ஒன்றில் எங்களைத் தங்கவைக்க விரும்புகிறாள். ஸ்டெல்லன்போஷ், ஃபிரான்ஷ்ஹூக் என்று இரண்டு ஊர்களைச் சொல்லிவிட்டு, முடிவை என்னிடமே விட்டுவிட்டாள்.

என் தயக்கத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருவரும் மது அருந்துவதில்லை. ஒயினுக்குப் பெயர்போன ஊருக்குப் போய்வந்தோம் என்று உறவினர்களிடம் சொல்வதற்கே என் மனைவி கூச்சப்படுகிறார். உணவிலும் நாங்கள் சைவம். அவருக்கு மூட்டுவலி இருப்பதால், நடுநடுவே உட்கார இடம் கிடைத்தால்தான் ஒரு கிலோமீட்டர் தொலைவாவது நடக்க முடியும். மற்றபடி பழைய ஊர்கள் என்றால் எனக்கு மிகுந்த விருப்பம். பல ஆண்டுகளுக்கு முன் மாணவர்களைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்றபோது, டேனியர் கோட்டை மதிலருகே கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அந்த ஒரு மாலைப்பொழுது இன்னும் நினைவில் இருக்கிறது. நான் எதிர்பார்ப்பது அப்படிப்பட்ட ஓய்வைத்தான். ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல்லுக்குப் போய், வண்டி நிறுத்த இடம் தேடியே களைத்துத் திரும்புவது போன்ற ஓய்வு வேண்டாம்.

எந்த ஊரைத் தேர்ந்தெடுக்கலாம்? மது அருந்தாதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

மறுமொழி: ஓசூர்வாசி

ஐயா, பணி நிமித்தமாகக் கேப் டவுனில் இரண்டு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஸ்டெல்லன்போஷுக்குச் செல்லுங்கள். இரவு இரண்டும் அங்கேயே தங்குங்கள். வண்டியை விடுதியிலேயே நிறுத்திவிடுங்கள்.

கேப் டவுனிலிருந்து அது ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நம் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகிற தொலைவுதான். 1679ஆம் ஆண்டு சைமன் வான் டெர் ஸ்டெல் என்ற டச்சு ஆளுநர் நிறுவிய ஊர் அது. அந்நாட்டில் கேப் டவுனுக்கு அடுத்தபடியாக ஐரோப்பியர் அமைத்த பழைய ஊர் அதுவே. அவர் காலத்திலிருந்தே தெருவோரங்களில் ஓக் மரங்களை நட்டு வளர்த்ததால் 'ஓக் மர ஊர்' என்ற பட்டப்பெயரும் அதற்கு உண்டு. தோர்ப் தெரு என்பதுதான் அங்கே முதன்மையாகப் பார்க்க வேண்டியது. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர்களும், கரும்பச்சைச் சன்னல் கதவுகளும், வளைந்து மேலெழும் முகப்புகளும் கொண்ட வீடுகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு முன்னால், தெருவின் ஓரத்திலேயே, கல் கட்டிய சிறு வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். ஆற்றிலிருந்து திருப்பிய நீரை ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்துக்கும் முறைவைத்து விடுவதற்காக வெட்டிய வாய்க்கால் அது. ஏரிப் பாசனத்தில் முறைத் தண்ணீருக்காகக் காத்திருந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு, அந்த ஊரில் வேறு எதையும்விட அந்த வாய்க்காலே நெருக்கமாகப் பட்டது. முதல் முறை சென்றபோது அரை மணி நேரம் அதன் போக்கிலேயே நடந்தேன்.

கிராம அருங்காட்சியகம் என்ற பெயரில், வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த நான்கு வீடுகளை அந்தந்தக் காலத்துப் பண்டபாத்திரங்களுடன் பாதுகாத்து வருகிறார்கள். அவற்றில் மூத்தது 1709இல் கட்டப்பட்டது. மறு ஆண்டே ஊரில் பெருந்தீ பரவிப் பல கூரை வீடுகள் எரிந்தபோது அது தப்பியது. தாழ்ந்த கூரையும் சாணம் மெழுகியதுபோன்ற தரையும் கரி படிந்த அடுப்படியும் கொண்ட அந்த வீட்டில் நுழைந்தபோது, என் பாட்டி வீட்டின் மணமே வருவதுபோல் இருந்தது. உங்கள் மனைவிக்கும் அது பிடிக்கும் என்று நம்புகிறேன். நான்கு வீடுகளும் அடுத்தடுத்து இருப்பதால் அதிகம் நடக்க வேண்டியதில்லை. சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள்.

மது குறித்த தயக்கத்துக்கு வருகிறேன். அங்குள்ள தோட்டங்கள் வெறும் சாராயக்கடைகள் அல்ல. மலையடிவாரத்தில் புல்வெளி, மரநிழலில் மேசைகள், உணவகம், சில இடங்களில் பழத்தோட்டம் என்று குடும்பத்தோடு வருகிறவர்களுக்காகவே அமைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கெனத் திராட்சைச் சாறு தரும் தோட்டங்கள் பல உள்ளன. பெரியவர்கள் அதைக் கேட்டு வாங்கினால் யாரும் வியப்பாகப் பார்க்க மாட்டார்கள். காபியும், அந்நாட்டுக்கே உரிய ரூய்போஸ் என்ற செந்நிறத் தேநீரும் எங்கும் கிடைக்கும். அதில் காஃபீன் கிடையாது. மகள் ஒயினைச் சுவைத்துப் பார்ப்பாரா என்பது நான் கேட்க வேண்டிய கேள்வியன்று. ஆனால் வண்டி ஓட்டப்போவது அவர்தான் என்றால், அந்நாட்டில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 0.05 கிராம் ஆல்கஹாலே ஓட்டுநருக்கான வரம்பு என்பதை நினைவில் வைக்கச் சொல்லுங்கள்.

உணவுக்குச் சிரமம் இருக்காது. ஆனால் 'சைவம்' என்று மட்டும் சொன்னால் மீனைச் சேர்த்துவிடுகிற உணவகமும் உண்டு, எனக்கே அது நேர்ந்தது. இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை மதிய உணவுக்கு முன்கூட்டியே மேசை பதிவு செய்வது அவசியம். தோட்டங்கள் பெரும்பாலும் மாலை ஐந்து மணிக்குள் மூடிவிடும். ஆனால் பிப்ரவரியில் ஏழரை மணி வரை வெளிச்சம் இருப்பதால், ஐந்து மணிக்குப் பிறகு ஓக் மர நிழலில் நடக்கவே சரியான நேரம்.

மறுமொழி: தேன்கனிக்கோட்டைக்காரர்

ஓசூர் நண்பர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் மூட்டுவலி உள்ளவருக்கு ஃபிரான்ஷ்ஹூக்கே ஏற்றது என்பது என் கருத்து. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக நகரம். பிப்ரவரியில் கல்வியாண்டு தொடங்கிவிடும். மாணவர் கூட்டத்தால் வாரயிறுதி இரவுகளில் ஊர் சற்று இரைச்சலாகவே இருக்கும். ஃபிரான்ஷ்ஹூக் அதைவிடச் சிறியது. ஒரே முதன்மைத் தெரு, மூன்று பக்கமும் மலை, தெருவின் ஒரு கோடியில் ஒரு நினைவுச்சின்னம், அவ்வளவுதான். தோட்டங்களுக்கிடையே டிராமும் பேருந்தும் மாறிமாறி ஓடுகின்றன. ஒரே சீட்டில் விரும்பிய தோட்டத்தில் இறங்கி, அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். மகளும் வண்டி ஓட்டாமல் ஓய்வெடுக்கலாம் அல்லவா?

இன்னொரு செய்தி எங்கள் பகுதியினருக்குப் பிடிக்கும். பிரான்சில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பிய ஹியூகனோ என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர் 1688இல் அங்கே வந்து குடியேறிய பிறகுதான் அதற்குப் 'பிரெஞ்சு மூலை' என்ற பொருள்படும் இன்றைய பெயர் வந்தது. அதற்கு முன் அதன் பெயர் 'யானை மூலை'. யானைகள் அந்தப் பள்ளத்தாக்கின் வழியாகவே மலை கடந்தன. இன்று அங்கே ஒரு யானைகூட இல்லை. ஆண்டுதோறும் யானைக் கூட்டம் ராகி வயலுக்குள் இறங்குவதைப் பார்க்கிற எனக்கு, அந்தப் பெயர்மாற்றத்தைப் படித்தபோது ஒரு கணம் பொறாமையும் அடுத்த கணம் வருத்தமும் வந்தன.

மறுமொழி: மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்

ஐயா, மாங்கூழ் ஏற்றுமதி தொடர்பாக ஒரு மார்ச் மாதம் கேப் டவுன் சென்றிருந்தபோது, ஒரு நாள் மட்டும் அந்தப் பக்கம் போய்வந்தேன். நானும் அருந்தாதவன். ஆனால் ஒரு காலத்தில் அரை ஏக்கரில் திராட்சைப் பந்தல் போட்டு நட்டப்பட்டவன் என்பதால், அங்கே எனக்குப் பொழுது போதவில்லை.

நீங்கள் செல்லும் பிப்ரவரி அங்கே அறுவடைக் காலம். நம் ஊரில் கொடியைப் பந்தலில் ஏற்றி, நிமிர்ந்து நின்று கொத்தை அறுப்போம். அங்கே இடுப்பளவு உயரத்தில் கம்பியில் படரவிட்டோ, கம்பியே இல்லாமல் புதர்போல விட்டோ வளர்க்கிறார்கள். வெயில் ஏறினால் பழம் சூடாகிச் சாறு கெடும் என்பதற்காக விடியலுக்கு முன்பே அறுக்கத் தொடங்கும் தோட்டங்கள் உண்டு. நம் வெப்பத்தில் கொடி உறங்குவதே இல்லை. அதனால் கவாத்து செய்து ஆண்டுக்கு இரண்டு அறுவடைகூட எடுத்துவிடுகிறோம். அங்கே குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து கொடி உறங்குகிறது. ஆண்டுக்கு ஒரே அறுவடை. மழையும் தலைகீழ்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலத்தில்தான் பெய்கிறது, பழம் முற்றும் கோடையில் வானம் வறண்டிருக்கிறது. பழுக்கிற நேரத்தில் மழை பெய்து கொத்து வெடித்த அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும்.

சந்தூர்ப் பக்கம் மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே திராட்சைக்கும் அதே கதைதான். 1886இல் ஃபிலாக்செரா என்ற வேர்ப்பேன் அங்கே பரவித் தோட்டம் தோட்டமாக அழித்த பிறகு, அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சை வேர்த்தண்டின்மீது ஐரோப்பிய வகைகளை ஒட்டுக்கட்டும் வழக்கம் வந்தது. வரிசைகளின் முனையில் ரோஜாச் செடி நின்றால், அது அழகுக்கு மட்டும் வைத்ததன்று. சாம்பல் நோய் ரோஜாவில் முதலில் தெரிந்துவிடும் என்பதால் பழைய தோட்டக்காரர்கள் அப்படி வைப்பது வழக்கம். ஓசூரில் ரோஜா பயிரிடுகிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்கு ரோஜாவே பயிர், சாம்பல் நோயே தலைவலி.

சாலையோரத்தில் 'ஹானபூட்' என்ற திராட்சை விற்றால் தவறாமல் வாங்கிச் சாப்பிடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் கிடைக்கும்; விதை இருக்கும், தேன் போன்ற மணமும் இருக்கும். அதன் உலகப் பெயர் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. அது இந்த அலெக்சாண்ட்ரியா மஸ்கட்டை இன்னொரு கருந்திராட்சையுடன் கலந்து பிறந்த பிள்ளை. ஆகவே உறவினர்கள் கேட்டால், பன்னீர்த் திராட்சையின் தாய்வீட்டைப் பார்க்கப் போனோம் என்று அம்மா தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மறுமொழி: வரலாற்று மாணவி, பர்கூர்

ஐயாவுக்கு வணக்கம். தரங்கம்பாடியைக் குறிப்பிட்டதால் இதைச் சொல்லத் தோன்றியது. நண்பர்கள் எல்லோரும் வெள்ளைச் சுவர்களின் அழகைச் சொன்னீர்கள். அந்தச் சுவர்களை எழுப்பியவர்கள் யார் என்பதையும் நினைவில் வைத்துப் பார்த்தால் அந்த ஊர் வேறு விதமாகத் தெரியும்.

கேப் பகுதியை ஆண்ட அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் நம் கரையில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்தது. 1658 முதல் கேப் பகுதிக்கு அடிமைகளைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். மடகாஸ்கர், மொசாம்பிக், இன்றைய இந்தோனேசியத் தீவுகள் ஆகியவற்றுடன் வங்காளம், மலபார், சோழமண்டலக் கடற்கரை ஆகிய இடங்களிலிருந்தும் மனிதர்களை வாங்கிக் கப்பலேற்றினார்கள். ஊர்ப்பெயரையே அவர்களுக்குப் பின்பெயராக எழுதிவைத்தார்கள்; 'வான் பெங்காலன்', 'வான் மலபார்' என்றெல்லாம் பதிவேடுகளில் வருகிறது. கேப் திராட்சையிலிருந்து முதன்முதலாக ஒயின் பிழிந்தது 1659 பிப்ரவரி 2 என்று நாள் குறித்துக் கொண்டாடுகிறார்கள். அடிமைகள் வந்து சேரத் தொடங்கி அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. 1834இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது என்றாலும், தொழில் பழகுநர் என்ற பெயரில் மேலும் நான்கு ஆண்டுகள் அதே எசமானர்களிடம் கட்டுண்டு கிடந்தார்கள். அதன் பிறகும் கூலியின் ஒரு பகுதியை ஒயினாகவே கொடுக்கும் 'டாப்' முறை இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்துப் பல குடும்பங்களைக் குடிக்கு அடிமையாக்கியது. மது அருந்தாத உங்களுக்கு இந்தப் பக்கம் இன்னும் கூர்மையாகப் புலப்படக்கூடும்.

ஸ்டெல்லன்போஷிலிருந்து மலைக் கணவாய் வழியாக ஃபிரான்ஷ்ஹூக் செல்லும் சாலையில் ப்னீல் என்ற சிற்றூர் வரும். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1843இல் ஒரு கிறித்தவ சபையைச் சுற்றி அமைந்த ஊர் அது. பெரும்பாலான பயணிகள் நிற்காமல் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் ஒரு கால் மணி நேரமாவது இறங்கிப் பாருங்கள்.

மறுமொழி: கேட்டவர்

நான் கேட்டது ஓர் ஊர். நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நாட்டையே காட்டிவிட்டீர்கள். மிக்க நன்றி. தாய்வீட்டுக் கதையை மனைவியிடம் படித்துக் காட்டினேன். கூச்சம் பாதி குறைந்துவிட்டது. ஸ்டெல்லன்போஷில் தோர்ப் தெருவுக்கு அருகிலேயே, தரைத்தளத்தில், இரண்டு இரவுகளுக்கு அறை பார்க்கும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை முழுவதும் ஊருக்குள்ளேயே இருப்போம். ஞாயிறு காலை ப்னீலில் நின்றுவிட்டு, ஃபிரான்ஷ்ஹூக்கில் மதிய உணவு முடித்துத் திரும்புவோம். டிராமை இன்னொரு வாரத்துக்கு வைத்துக்கொள்கிறோம். பர்கூர் மகளே, அந்தப் பதிவேட்டுப் பெயர்களைப் படித்ததிலிருந்து மனம் சற்றுக் கனமாக இருக்கிறது, சொன்னதற்கு நன்றி.

பயணத்துக்கு முன் கவனிக்க வேண்டியது வேறு ஏதேனும் விட்டுப்போயிருக்கிறதா?

மறுமொழி: ஓசூர்வாசி

இரண்டு செய்திகள், ஐயா. பெங்களூரிலிருந்து செல்லும் விமானம் ஆப்பிரிக்க நாடு ஒன்றின் வழியாகப் போவதாக இருந்தால், இடையில் காத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் பரவல் உள்ள நாட்டில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். வளைகுடா வழியாகப் போனால் அந்தச் சிக்கல் இல்லை. அடுத்து, அங்குள்ள மின்செருகிகள் நம் வீட்டு கெய்சருக்குப் போடுகிற பெரிய மூன்று முள் பிளக் போன்றவையே. அதில் பொருந்தும் மாற்றி ஒன்றைத் தருமபுரி மின்சாதனக் கடையிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அங்கே விமான நிலையத்தில் அதற்குப் பல மடங்கு விலை கொடுத்தவன் நான்.