மருத்துவப் பட்டத்தையே வெளிநாட்டில் படிப்பதா, டாக்டரான பிறகு போவதா?

வழிப்போக்கன்:
என் தங்கை பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறாள். மருத்துவம்தான் என்று உறுதியாக இருக்கிறாள். அதிலும் குளோபல் ஹெல்த் துறையில், அதாவது நாட்டு எல்லை பார்க்காமல் எல்லா மக்களின், முக்கியமாக ஏழைகளின், ஆரோக்கியத்துக்காக வேலை செய்ய வேண்டுமாம், அதனால் பட்டத்தையே வெளிநாட்டில் படிக்கிறேன் என்கிறாள். கியூபா, ருவாண்டா என்று பேசுகிறாள். வீட்டில் யாருக்கும் இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. சொந்த நாட்டில் டாக்டராகிவிட்டு அப்புறம் போனால் போதாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருங்குயில்:
முதலில் டாக்டர், அப்புறம்தான் உலகம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மருத்துவத்தில் பெரும்பகுதி நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் பிடிபடுகிறது. வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, சாப்பிட்டால் கூடுகிறதா என்று கேட்டுக்கொண்டே போவோம். ஒரு கேள்விக்கு மட்டும் பாட்டி பதில் சொல்லாமல் மருமகளைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்பது அந்த மொழியில் வளர்ந்தவருக்குச் சட்டென்று புரியும். புது மொழியில் தட்டுத்தடுமாறும் மாணவர், பக்கத்தில் நிற்கும் செவிலியர் சுருக்கிச் சொல்வதைத்தான் கேஸ் ஷீட்டில் எழுதுவார். அஸ்திவாரம் போடும் வயதில் இப்படிப் பாதி காதோடு படிக்கலாமா?

லிவர்பூலில் 1898 முதலும் லண்டனில் 1899 முதலும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிகள் நடக்கின்றன. அங்கே டாக்டர்களுக்கென்றே ஏறக்குறைய மூன்று மாத டிப்ளமோ இருக்கிறது. சேரவே மருத்துவப் பட்டம் வேண்டும். எது முதல், எது அடுத்தது என்பது அதிலேயே தெரியவில்லையா?

மழைக்காலம்:
கருங்குயில் அக்கா, மூன்று மாதத்தில் மலேரியா ஒட்டுண்ணியை மைக்ராஸ்கோப்பில் அடையாளம் காணக் கற்றுக்கொள்ளலாம். ஒரே தெருவில் காசநோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று யோசிக்கிற பழக்கம் மூன்று மாதத்தில் வராது. அது முதல் வருடத்திலிருந்தே ஊற வேண்டியது.

கியூபாவைப் பாருங்கள். 1998-ல் மிட்ச், ஜார்ஜஸ் என்ற இரண்டு புயல்கள் மத்திய அமெரிக்காவையும் கரீபியன் தீவுகளையும் புரட்டிப் போட்டன. அடுத்த ஆண்டே ஹவானாவில் பழைய கடற்படைக் கல்லூரி வளாகத்தில் லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள், வெளிநாட்டு மாணவர்களுக்காகவே. ஸ்பானிஷ் தெரியாதவர்களுக்கு முதலில் மொழிப் பயிற்சி. முதல் இரண்டு ஆண்டுகள் அங்கே, பிறகு மற்ற மாகாணங்களில் உள்ள கல்லூரிகளுக்குப் போகிறார்கள்.

அந்த நாட்டில் குடும்ப மருத்துவரும் செவிலியரும் தங்கள் பொறுப்பில் இருக்கும் எல்லோரையும் நான்கு பிரிவாக எழுதி வைத்திருப்பார்கள்: ஆரோக்கியமானவர், நோய் வரும் ஆபத்து உள்ளவர், நோயாளி, நிரந்தரக் குறைபாடு உள்ளவர். முதல் பிரிவில் இருப்பவர் வீட்டுக்கும் டாக்டர் போவார். உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர் வீட்டுக் கதவை ஒரு டாக்டர் ஏன் தட்டுகிறார் என்பதை இருபது வயதில் கூடவே நின்று பார்த்த மாணவர், பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும் படித்தவரைப் போல யோசிக்க மாட்டார்.

ருவாண்டாவின் வடக்கே புட்டாரோ மலைப்பகுதியில் யுனிவர்சிட்டி ஆஃப் குளோபல் ஹெல்த் ஈக்விட்டி இருக்கிறது. அமெரிக்க டாக்டர் பால் ஃபார்மர் குழுவினரின் பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் என்ற தொண்டு நிறுவனம் 2015-ல் அதைத் தொடங்கியது. மருத்துவப் பட்டத்தோடு சேர்த்தே குளோபல் ஹெல்த் டெலிவரி, அதாவது மருத்துவ சேவையை மக்களிடம் கொண்டுசேர்ப்பது பற்றிய முதுகலையும் படிக்கிறார்கள். அந்த ஊர் மாவட்ட மருத்துவமனை 2011-ல் திறந்தது. உள்ளே மூடிய நடைபாதைகள் கிடையாது, போக வர வழியெல்லாம் வெளிப்புறத்தில். வார்டில் கட்டில்கள் ஜன்னலைப் பார்த்துப் போடப்பட்டிருக்கும், மேலே பெரிய விசிறிகள். காத்திருக்கும் இடத்தில் ஒருவர் இருமினால் இன்னொருவருக்குக் காசநோய் தொற்றக்கூடாது என்று கட்டடத்தையே அதற்காகக் கட்டினார்கள். தினமும் அந்த வார்டுக்குள் நுழைகிறவருக்குக் காற்றோட்டம் என்பது பாடப்புத்தகத்தில் வரும் ஒரு வரியாக இருக்காது.

கருங்குயில்:
தம்பி, கட்டடம் அருமை, மறுக்கவில்லை. ஆனால் இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் திலீப் மஹலனாபிஸ். கல்கத்தாவில் மருத்துவம் படித்தவர். 1971-ல் பங்களாதேஷ் போரின்போது மேற்கு வங்க எல்லையில் உள்ள பொங்காவ் அகதி முகாமில் காலரா. ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து, டிரம்மில் கரைத்து, குழாய் வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே பிடித்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றில் 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. ஒரு தாயிடம் டம்ளரைக் கொடுத்து இதை விடாமல் ஊட்டு என்று சொல்ல அந்த மண்ணின் பேச்சு வேண்டும். அதை எந்த வெளிநாட்டுக் கல்லூரி தரும்?

மழைக்காலம்:
அக்கா, அவர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். கல்கத்தாவில் படித்தவர் லண்டனுக்குப் போய்க் குழந்தை மருத்துவம் பார்த்தார். திரும்பி வந்து வேலைக்குச் சேர்ந்தது கல்கத்தாவில் இருந்த, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையத்தில். குளுக்கோஸ் இருந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சும் என்ற ஆராய்ச்சி டாக்காவிலும் கல்கத்தாவிலும் பல நாட்டவர் சேர்ந்து செய்தது. மண்ணின் பேச்சும் வெளி அறிவும் அவரிடம் ஒன்றாக இருந்தன.

நெடுஞ்சாலை:
நான் செவிலியர். தூரத்து மாவட்டம் ஒன்றில் நிறைய வருடம் வேலை பார்த்தவள். நீங்கள் இருவரும் மாணவருக்கு என்ன கிடைக்கும் என்றே பேசுகிறீர்கள். நோயாளிக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை.

எங்களிடம் வெளிநாட்டு மாணவர்கள் சில வாரப் பயிற்சிக்கு வருவார்கள். ஒருமுறை ஒரு மாணவரிடம் குழந்தையின் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். தன் நாட்டில் இதைத் தொடவே விடமாட்டார்கள் என்று அவரே என்னிடம் மெதுவாகச் சொன்னார். முதல் ஊசி தப்பியது, இரண்டாவதும் தப்பியது. தாயிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அந்த அம்மா குழந்தையின் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மூத்த டாக்டரை நான்தான் போய்க் கூட்டி வந்தேன். இதற்கும் குளோபல் ஹெல்த் என்றுதான் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

அதனால் கருங்குயில் மேடம் சொல்லும் "டாக்டராகிவிட்டுக் கொஞ்ச நாள் போய் வருவது" எனக்கு ஆறுதல் தரவில்லை. ஐந்தாறு வருடம் ஒரே இடத்தில் இருந்து, மொழி பழகி, மேற்பார்வையில் படிக்கிற மாணவர் எவ்வளவோ மேல். ஆனால் மழைக்காலம், ஏழை நாட்டு மருத்துவமனையில் கற்றுக்கொண்டு பணக்கார நாட்டில் வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆள் பற்றாக்குறை உள்ள நாடுகளிலிருந்து மருத்துவப் பணியாளர்களை இழுக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ல் நடைமுறை விதி கொண்டுவர வேண்டியிருந்ததே, ஏன்?

கருங்குயில்:
நெடுஞ்சாலை சொல்வது நெஞ்சில் தைக்கிறது. மேற்பார்வை இல்லாத குறுகியகாலப் பயிற்சியை நானும் ஆதரிக்க மாட்டேன். அதற்காக என் நிலை மாறவில்லை.

வழிப்போக்கன், உரிமம் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். உலக மருத்துவப் பள்ளிகள் பட்டியலில் எங்கள் பெயர் இருக்கிறது என்று பல கல்லூரிகள் விளம்பரம் செய்யும். பட்டியலில் இருப்பது அங்கீகாரம் ஆகாது என்று அந்தப் பட்டியலை நடத்துபவர்களே சொல்கிறார்கள். தங்கை எந்த நாட்டில் டாக்டராக வேலை செய்ய நினைக்கிறாளோ, அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலிடம் எழுத்தில் கேளுங்கள். உரிமம் இல்லாத பட்டத்தோடு எந்த முகாமிலும் ஊசி போட முடியாது.

வழிப்போக்கன்:
எல்லாவற்றையும் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். செவிலியர் அக்கா எழுதியதை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். ஆனாலும் வெளியேதான் படிப்பேன் என்கிறாள். சரி, கல்லூரியிடம் என்ன கேட்க வேண்டும் என்றாவது சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை:
கல்லூரி அலுவலகத்திடம் கேட்க வேண்டாம். கடைசி வருட மாணவர் ஒருவரைப் பிடித்துப் பேசச் சொல்லுங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் நோயாளியோடு பேசத் தொடங்கியது எந்த வருடம்? களப்பணிக்கு ஒவ்வொரு முறையும் புது ஊரா, அதே ஊருக்குத் திரும்பப் போகிறார்களா? ராத்திரி வார்டில் கை நடுங்கினால் கூப்பிட மூத்தவர் யாராவது இருக்கிறாரா? முன்னால் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்தக் கல்லூரி வேண்டாம்.