நோட்டுப்புத்தகமா, டேப்லெட்டா: வெள்ளிக்கிழமைக்குள் எழுத வேண்டிய பதில்

அக்கா, மாலை 6:40
அனைவருக்கும் வணக்கம். மகள் படிக்கும் பள்ளியிலிருந்து இன்று ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. அடுத்த கல்வியாண்டு முதல் ஏழாம் வகுப்புக்கு எல்லா வீட்டுப்பாடமும் டேப்லெட்டில்தான் தரப்படும் என்றும், நோட்டுப்புத்தகங்கள் படிப்படியாக நிறுத்தப்படும் என்றும், பெற்றோர் தம் கருத்தை வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரலாம் என்றும் அதில் உள்ளது. வேண்டும், வேண்டாம் என்று ஒற்றைச் சொல்லில் பதில் எழுத எனக்கு மனமில்லை. இந்தக் குழுவில் பாடம் நடத்திய அனுபவமுள்ளவர்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள். தம்பி இத்தகைய மென்பொருளை உருவாக்குகிறான். உங்கள் கருத்தைக் கேட்டுவிட்டு எழுதலாம் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா, மாலை 6:58
கேட்டது நல்லதாயிற்று அம்மா. 34 ஆண்டுகள் கணக்கு நடத்தியவன் என்பதால் நான் கரும்பலகையின் பக்கம்தான் நிற்பேன் என்று எதிர்பார்ப்பீர்கள். ஆனால் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில ஆண்டுகள் ஜியோஜீப்ராவை வகுப்பில் பயன்படுத்தினேன். 2001-இல் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் தொடங்கிய வடிவியல் மென்பொருள் அது. முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை வரும் என்பதைக் காட்ட, பலகையில் நான் மூன்று முக்கோணங்கள் வரைவேன். நான் சொல்கிறேன் என்பதற்காகவே பிள்ளைகள் அதை நம்புவார்கள். திரையில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தபோது, கோணங்கள் ஒவ்வொன்றும் மாறிக்கொண்டே இருக்கக் கூட்டுத்தொகை மட்டும் அசையாமல் நின்றதைக் கண்டு, ஏன் அப்படி என்று அவர்களே கேட்டார்கள். அந்தக் கேள்வியை என் சாக்பீஸ் ஒருநாளும் எழுப்பியதில்லை.

பெரியப்பா, மாலை 7:04
ஆனால் கேள்விக்கான விடை திரையில் இல்லை. ஆயிரம் முக்கோணங்களைப் பார்ப்பது நிரூபணம் ஆகாது. உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதை எழுதி, அடுத்த வரிக்கு ஏன் போகிறோம் என்பதைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அதற்குப் பலகைதான் பொருத்தம். ஆசிரியர் எழுதும் வேகமும் மாணவர் சிந்திக்கும் வேகமும் அங்கே ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். முழு நிரூபணத்தையும் ஒரே ஸ்லைடில் காட்டிவிட்டால் பிள்ளைகள் கண்ணால் படித்துக் கையால் பார்த்தெழுதுவதோடு நின்றுவிடுகிறார்கள்.

தம்பி, மாலை 7:15
பெரியப்பா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். இருப்பினும் வீட்டுப்பாடத்தைப் பொறுத்தவரை டேப்லெட்டுக்கு ஒரு வலுவான நியாயம் உண்டு. 40 நோட்டுகளைத் திருத்தும் ஆசிரியர் எவ்வளவு முயன்றாலும் அவை இரண்டு, மூன்று நாள்கள் கழித்தே மாணவர் கைக்குத் திரும்பும். அதற்குள் அந்தத் தவறை ஏன் செய்தோம் என்பதே பிள்ளைக்கு மறந்திருக்கும். மென்பொருளோ அந்த நொடியிலேயே சொல்லிவிடுகிறது. பார்வைக் குறைவுள்ள மாணவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கவும், செவித்திறன் குறைந்தவர் வீடியோவை எழுத்துவரிகளோடு பார்க்கவும் முடிவது சிறிய உதவி அல்ல.

எங்கள் குறையையும் ஒளிக்காமல் சொல்கிறேன். குறிப்பு தரும் பொத்தானை அடுத்தடுத்து அழுத்தி, விடையை வரவழைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் முடித்ததாகக் காட்டும் மாணவர்கள் உண்டு. அறிக்கையில் பச்சை நிறம் தெரியும், படிப்பு நடந்திருக்காது.

அத்தை, மாலை 7:31
சிறு பிள்ளைகளைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். முதல் வகுப்பில் எழுத்துப் பயிற்சிக்காக எங்களுக்கு ஒரு ஆப் கொடுத்தார்கள். விரல் கோட்டின் மேல் போனால் நட்சத்திரம் விழும். எங்கே தொடங்கினான், எந்தப் பக்கம் வளைத்தான் என்பதை அது கவனிக்கவில்லை. பென்சில் பிடித்து எழுதும்போது 'ண'வின் சுழிகளை எண்ணிக்கொண்டே எழுதும் குழந்தை, கண்ணாடியில் வழுக்கிச் செல்லும்போது எண்ணுவதில்லை. இரண்டு மாதத்தில் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டுச் சிலேட்டுக்கே திரும்பினேன்.

அதே கருவியை வேறொன்றுக்குப் பயன்படுத்தி மகிழ்ந்ததும் உண்டு, அண்ணா. ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு குழந்தையும் வாசிப்பதைப் பதிவு செய்து வைத்தேன். ஆண்டு முடிவில் அதே பத்தியை மறுபடி வாசிக்கச் செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கவைத்தேன். எழுத்துக் கூட்டித் தடுமாறிய தன் குரலைக் கேட்டு ஒரு சிறுமி, "இது நானா?" என்று கேட்டாள். எந்த மதிப்பெண் அட்டையும் அவளுக்கு அதைச் சொல்லியிருக்காது.

நான், இரவு 8:10
வகுப்பு முடிந்த அலுப்பில் தாமதமாகப் பார்க்கிறேன், மன்னிக்கவும். அக்கா, கருவியா நோட்டா என்பதைவிட, எதை முதலில் வைக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம் என்று நான் கருதுகிறேன். அதை நான் தவறு செய்தே கற்றுக்கொண்டேன்.

எட்டாம் வகுப்பில் மின்சுற்றுப் பாடத்தை முதல்முறை ஃபெட் சிமுலேஷனை, அதாவது திரையிலேயே செய்துபார்க்கும் மாதிரிச் சோதனையை, வைத்தே நடத்தினேன். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம் அது; மிக நன்றாக இருக்கும். எல்லோரும் திரையில் பல்பை எரியவைத்தார்கள். மறுவாரம் உண்மையான பேட்டரியும் வயரும் பல்பும் கொடுத்தபோது பாதிப் பேர் திகைத்து நின்றார்கள். வயரின் உறையைச் சீவ வேண்டும் என்பதும், பல்பின் அடியில் ஒரு முனையும் பக்கவாட்டில் மறு முனையும் படவேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை. திரையில் எல்லாம் தாமாக ஒட்டிக்கொண்டன அல்லவா!

நான், இரவு 8:16
அடுத்த ஆண்டு வரிசையை மாற்றினேன். முதலில் பொருள்களைக் கையில் கொடுத்தேன். பல்பு எரிந்த பிறகு, பல்புக்கு முன்னும் பின்னும் மின்னோட்டம் எவ்வளவு இருக்கும் என்ற தம் ஊகத்தை நோட்டில் படமாக வரையச் சொன்னேன். பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும், ஆகவே பின்பக்கம் குறைவாக இருக்கும் என்றே பலரும் வரைந்தார்கள். இந்த வயதில் மிகப் பரவலாகக் காணப்படும் தவறான எண்ணம் அது. அதன் பிறகே சிமுலேஷனைத் திறந்தோம். பல்புக்கு முன்னும் பின்னும் எலெக்ட்ரான்கள் ஒரே வேகத்தில் நகர்வதையும், மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் இரண்டு இடத்திலும் ஒரே அளவைக் காட்டுவதையும் பார்த்தபோது, தாமே வரைந்த படம் அவர்கள் எதிரில் இருந்தது. அதை அடித்துத் திருத்தியவர்கள் தேர்விலும் அதை மறக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் வேலையைத் திரையிடமும், கைபழக வேண்டியதையும் எண்ணத்தை வெளியே கொண்டுவருவதையும் பொருள்களிடமும் நோட்டிடமும் விட்டேன்.

அக்கா, இரவு 8:24
இது எனக்கு நன்றாகப் புரிகிறது. பாடநூலைப் படிப்பது எப்படி? அதையும் டேப்லெட்டில்தான் தரப்போகிறார்கள்.

தம்பி, இரவு 8:37
அதில் கவனம் தேவை அக்கா. 2018-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 54 ஆய்வுகளையும் 1,70,000-க்கு மேற்பட்ட வாசகர்களையும் சேர்த்துப் பார்த்து, ஒரே பகுதியைத் தாளில் படித்தவர்களின் புரிதல் திரையில் படித்தவர்களைவிடச் சற்று மேலாக இருந்தது என்று காட்டியது. நேரக் கட்டுப்பாட்டோடு படிக்கும்போது அந்த இடைவெளி அதிகம். தகவல் சார்ந்த பகுதிகளில் காணப்பட்ட அது, கதைகளில் மட்டும் தென்படவில்லை. ஆகவே கதை நூல்கள் திரையில் இருக்கலாம். வரலாறும் அறிவியலும் அச்சில் இருப்பது நல்லது.

நான், இரவு 8:45
கையால் குறிப்பெடுப்பதைப் பற்றிய 2014-ஆம் ஆண்டு ஆய்வையும் பலர் மேற்கோள் காட்டுவார்கள். மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்ததால் கருத்துசார் வினாக்களில் பின்தங்கினார்கள் என்றது அது. 2019-இல் வேறு குழுவினர் அதைத் திரும்பச் செய்தபோது அவ்வளவு தெளிவான வேறுபாடு வரவில்லை. ஆகவே அதை ஆதாரமாக வைத்து எழுத வேண்டாம் அக்கா. நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் பயிற்சிக்கான ஆதாரம் அதைவிட உறுதியானது. உளவியலாளர்கள் கார்பிக்கியும் ரோடிகரும் 2008-இல் 40 சொல் இணைகளைக் கற்கவைத்தார்கள். நினைவிலிருந்து சொல்வதைத் தொடர்ந்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காடு நினைவிருந்தது. ஒருமுறை சரியாகச் சொன்னதும் அதை நிறுத்தியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு அளவே நினைவிருந்தது. இந்தப் பயிற்சியை வாய்ப்பாடு ஒப்பிப்பதிலும் செய்யலாம், ஆப்பிலும் செய்யலாம்.

தம்பி, இரவு 8:52
எந்தப் பிள்ளைக்கு எந்தச் சொல்லை எந்த நாளில் மறுபடி கேட்க வேண்டும் என்று கணக்கு வைப்பதில் ஆப் மனிதரைவிட மேல். அந்த வேலைக்கு அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

அக்கா, இரவு 9:30
வரைவு எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: "டேப்லெட்டை நாங்கள் எதிர்க்கவில்லை. சொற்பயிற்சி, உடனடித் திருத்தம் தேவைப்படும் எளிய கணக்குகள், கண்ணால் காண முடியாத அறிவியல் நிகழ்வுகள் ஆகியவற்றுக்கு அதை வரவேற்கிறோம். கணக்கின் படிகள், அறிவியல் படங்கள், கட்டுரை ஆகியவற்றுக்கு நோட்டுப்புத்தகம் தொடர வேண்டும். வரலாறு, அறிவியல் பாடநூல்கள் அச்சிலும் கிடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்."

பெரியப்பா, இரவு 9:41
நன்றாக இருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள். மென்பொருள் விடையைத்தான் திருத்தும். மாணவர் எங்கே வழி தவறினார் என்பது படிகளில்தான் தெரியும். ஆகவே வாரம் ஒருமுறையாவது ஆசிரியர் அந்த நோட்டைத் தம் கண்ணால் பார்க்க வேண்டும் என்றும், அதற்கான நேரத்தை அவருடைய கால அட்டவணையிலேயே பள்ளி ஒதுக்க வேண்டும் என்றும் எழுது. நேரம் தராமல் கேட்டால் அது ஆசிரியர் தலையில்தான் விழும்.

அத்தை, இரவு 9:44
அண்ணா சொன்னதை அவசியம் சேர்த்துவிடு.

அக்கா, இரவு 9:50
சேர்த்துவிட்டேன். நாளைக் காலை மகளிடம் இதை வாசித்துக் காட்டி, எந்தப் பாடத்துக்கு எது வேண்டும் என்று அவளையும் கேட்டுவிட்டு அனுப்புகிறேன்.