படகு டிரெய்லரின் 'பேரிங்'குக்குத் தமிழில் என்ன?

முட்டத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். மீனவ இளைஞர்களுக்கான ஒரு பயிற்சிக்குக் கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ஃபைபர் வள்ளத்தை டிரெய்லரில் ஏற்றிச் சாலை வழியாகக் கொண்டுபோய்ச் சின்னமுட்டத்திலோ தேங்காய்ப்பட்டணத்திலோ இறக்குகிறவர்களுக்கு அதில் ஒரு பாடம் உண்டு: டிரெய்லர் சக்கரத்தின் பேரிங்கைப் பராமரிப்பது.

'பேரிங்' என்றே எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இதே கையேட்டில் ஜி.பி.எஸ். பாடமும் இருக்கிறது. அங்கே பேரிங் என்றால் போக வேண்டிய இடத்தின் திசைக்கோணம். ஒரு பக்கத்தில் 'பேரிங்கைப் பார்த்து வள்ளத்தைத் திருப்பவும்', நாலு பக்கம் தள்ளி 'பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கவும்' என்றால் பையன்கள் சிரிப்பார்கள்.

பொருள் இதுதான். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள், உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு பேரிங். சைக்கிளில் இருப்பதுபோல உருண்டைகள் இல்லை, ஒரு முனை சிறுத்த உருளைகள். அச்சு நிற்கும், சக்கரம் சுற்றும், இடையில் இவை உருளும். சாலையில் ஓடிச் சூடேறிய ஹப்பை அப்படியே கடலில் முக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, பின்பக்கத்துச் சீல் (கிரீஸ் வெளியே வராமல் அடைக்கும் வளையம்) வழியாக உப்புத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிரீஸ் வெளுத்துப்போகும், அப்புறம் துரு. ஹப்பைத் தொட்டுப் பார்த்துச் சூடு தணிந்த பிறகே தண்ணீரில் இறக்கவும் என்பதுதான் பாடத்தின் முதல் வரி. சொல் கொடுங்கள்.

தக்கலையிலிருந்து:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? தாங்கி. பள்ளி அறிவியல் பாடத்தில் 'பந்துத் தாங்கி' என்று படித்த பையன்கள்தானே வருகிறார்கள். தாங்கு என்னும் பகுதியோடு வினைமுதற்பொருளில், அதாவது அதைச் செய்வது என்னும் பொருளில், இகர விகுதி, சேர்ந்தாரைக்கொல்லி மாதிரி. உங்களுடையது உருளைத் தாங்கி. ஒற்று மிகும், அச்சகத்தில் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்தில் அந்தச் சொல்லுக்கு விளக்கமே வேண்டாம். பழைய பாதையோரங்களில் சுமைதாங்கிக் கல் இன்றும் நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். பேறுகாலத்தில் இறந்த பெண்ணின் நினைவாக வைத்தது என்பார்கள். 'நாவாயும் ஓடா நிலத்து', கப்பல் நிலத்தில் ஓடாது என்றார் வள்ளுவர். அவருக்கு டிரெய்லரைக் காட்டியிருக்க வேண்டும்.

மார்த்தாண்டத்திலிருந்து:

சார், அதே கல்லுக்கு மலையாளத்தில் அத்தாணி என்றும் ஒரு பெயர் உண்டு. எங்கள் பக்கம் சொன்னால் புரியும். 'தாங்கி' எதன் பின்னாலும் ஒட்டிக்கொள்ளும் சொல், இது தனியாக நிற்கும்.

தக்கலையிலிருந்து:

அத்தாணி மண்டபம் என்றால் அரசன் கொலுவிருக்கும் இடம். ஆஸ்தானத்தின் திரிபு. கிரீஸ் அப்பிய ஹப்புக்குள் ஆஸ்தானமா?

மார்த்தாண்டத்திலிருந்து:

அந்த அத்தாணி வேறு, இந்த அத்தாணி வேறு. வேரைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்...

மட்டுறுத்துநர்:

அத்தாணியின் வேர் பற்றிய மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே தொடரலாம். இங்கே வெள்ளிக்கிழமையை நினைவில் வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் பொறியியல் நூல்களில் இது போதிகை. குண்டுப்போதிகை, உருளைப்போதிகை என்று எழுதிப் பழகிய சொல் இருக்கும்போது ஏன் புதிதாகத் தேட வேண்டும்? தாங்கியில் எங்களுக்கு ஒரு சிக்கலும் இருக்கிறது. இங்கே தாங்கி என்றால் தொட்டி: தண்ணீர்த் தாங்கி, எரிபொருள் தாங்கி. போர்க்காலத்தில் வந்தது வேறு தாங்கி, பீரங்கி பூட்டிய டாங்கி. 'தாங்கியில் கிரீஸை நிரப்பவும்' என்று எழுதினால் எங்கள் ஆள் எங்கே கொண்டுபோய் நிரப்புவான் என்று தெரியாது.

தக்கலையிலிருந்து:

ஐயா, போதிகை அழகான சொல், மறுக்கவில்லை. தூணின் தலையில் நின்று உத்தரத்தைத் தாங்குவது. அதன் வெட்டைப் பார்த்தே கோயிலின் காலத்தைச் சொல்கிறார்கள். அலை அலையாக மடிந்திருந்தால் பல்லவர் பாணி, வாழைப்பூ மாதிரி மொட்டு தொங்கினால் விசயநகர, நாயக்கர் காலம். சுசீந்திரம் வந்தால் இசைத்தூணைத் தட்டிப் பார்க்கத்தான் எல்லாரும் நிற்கிறார்கள், அண்ணாந்து போதிகையைப் பார்ப்பவர் குறைவு. ஆனால் அது கல்லோடு கல்லாக உட்கார்ந்திருப்பது. அசையாத உறுப்பின் பெயரை உருளும் உறுப்புக்கு வைக்கலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து:

உங்கள் சுமைதாங்கிக் கல் மட்டும் உருளுமோ?

குளச்சலிலிருந்து:

நான் பட்டறைக்காரன், இலக்கணம் பேசவில்லை. என்னிடம் வருகிறவர் 'பேரிங் போச்சு' என்பார். தாங்கியும் கேட்க மாட்டார், போதிகையும் கேட்க மாட்டார். கடையில் நான் வாங்குவது கப்பும் கோனும். ஹப்புக்குள் இறுக்கி அடித்திருக்கும் வளையம் கப். உருளைகளோடு கழன்று கையில் வருவது கோன். நீங்கள் முழுசுக்கும் ஒரு பேர் வைத்துவிட்டால் இந்த இரண்டுக்கும் என்ன பேர்? இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழைய கப்பில் புதுக் கோனைப் போட்டுவிட்டு ஒரு மாதத்தில் திரும்ப வருகிறார்கள்.

பேரைவிட இதை எழுதுங்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பிளே, அதாவது தளர்ந்த ஆட்டம், தெரியும். சுற்றிவிட்டால் கரகரப்பு கேட்கும். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் பார்க்கும்போது உருளையில் குழியோ நீலம் பாரித்த நிறமோ இருந்தால் அதற்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். காற்றுக் குழாயால் உலர்த்துகிறேன் என்று பேரிங்கைச் சுழலவிடக் கூடாது. தண்ணீரைத் தாங்கும் கிரீஸை உள்ளங்கையில் எடுத்து, கோனின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் கிரீஸ் பிதுங்கும் வரை ஏற்ற வேண்டும். மேலே பூசினால் போதாது. பழைய கிரீஸ் இருக்கும்போது வேறு வகையை அதன்மேல் வைக்காதீர்கள், சில வகைகள் கலந்தால் இளகி ஒழுகிவிடும். கடைசியில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் முறுக்கி நிறுத்தி, நட்டு திரும்பாமல் தடுக்கும் பின்னைப் போடவும். முறுக்கியதை அப்படியே விட்டால் பேரிங் காய்ந்து எரியும்.

நாகர்கோவிலிலிருந்து:

அண்ணாச்சி எழுதியதை அப்படியே அச்சடித்தால் போதும் என்று தோன்றுகிறது. ஒன்று மட்டும் சேர்க்கலாம்: வழியில் மாற்ற ஒரு பேரிங்கை வண்டியிலேயே வைத்துக்கொள்வது. புறநானூற்றில் உமணர் என்னும் உப்பு வணிகர் உப்பு வண்டியின் கீழ்மரத்தில் 'சேமஅச்சு', அதாவது மாற்று அச்சு, கட்டி வைத்துப் போகிறார்கள், மேடு பள்ளத்தில் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்று. உப்புக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு அன்றைக்கே தெரிந்திருக்கிறது! கூடுதலாக வைத்துக்கொள்வதை நாம் 'சேமத் தாங்கி' எனலாமே.

தக்கலையிலிருந்து:

சேமம் க்ஷேமத்திலிருந்து வந்தது என்று யாராவது கிளம்புவதற்கு முன் ஆதரிக்கிறேன்.

முட்டத்திலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. நேரமில்லை, முடிவு செய்துவிட்டேன். முதல் இடத்தில் 'பேரிங் எனப்படும் உருளைத் தாங்கி', பிறகு வெறும் 'தாங்கி'. ஜி.பி.எஸ். பாடத்தில் 'திசைக்கோணம்'. கப், கோன் இரண்டும் பட்டறையில் சொல்கிறபடியே இருக்கும். சேமத் தாங்கியையும் எடுத்துக்கொண்டேன். போதிகை பிற்சேர்க்கையில் ஒரு வரியாக வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

பிற்சேர்க்கைக்கு நன்றி. என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும்.

குளச்சலிலிருந்து:

தம்பி, கையேட்டின் படியைப் பார்த்தேன். 'ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பழைய சீலையை எடுத்துவிட்டுப் புதிய சீலை மாற்றவும்' என்று போட்டிருக்கிறீர்கள். டிரெய்லருக்குச் சீலை எதற்கு என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள்.

தக்கலையிலிருந்து:

சீல் கூட்டல் ஐ, சீலை. இலக்கணப்படி அந்த இரண்டாவது சீலை சரிதான். முதலாவதில் தட்டச்சு செய்தவர் நிஜமாகவே புடைவையை நினைத்துவிட்டார். இதற்குத்தான் தமிழ்ச்சொல் வேண்டும் என்பது. மசகுத் தடுப்பி எப்படி?

மார்த்தாண்டத்திலிருந்து:

மசகு என்பது மாட்டுவண்டி அச்சுக்கு எண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துப் போடும் மை. கிரீஸுக்கு அதை எப்படி...

முட்டத்திலிருந்து:

'புதிய சீல் போடவும்' என்று திருத்தி அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று. மசகைத் தனி இழையில் பேசுங்கள் சார்.