தொடக்கப்பள்ளி வகுப்பில் சமூக ஊடகம்: பயன்படுத்தலாமா, எப்படி?

வினா (நான்காம் வகுப்பு ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். என் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளைப் படிப்பவள் நான் ஒருத்தி மட்டுமே என்பது நெடுநாளாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. நான் பிழை திருத்திக் கையொப்பமிட்டதும் அந்தக் கட்டுரையை அதன்பின் யாரும் திறந்து பார்ப்பதில்லை. வேறோர் ஊரில் இருக்கும் ஒரு வகுப்பு அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டால்கூட, எதற்காக எழுதுகிறோம் என்பதைப் பிள்ளைகள் தாமாகவே உணர்வார்கள் என்று நம்புகிறேன். இதற்குச் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தலாமா? பிள்ளைகளுக்கு வயது ஒன்பது. சக ஆசிரியர்களில் சிலர், பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவிலேயே பாடத்தையும் நடத்திவிடலாம் என்கிறார்கள். வேறு சிலர், இந்த வயதில் அந்தப் பேச்சே வேண்டாம் என்கிறார்கள். வகுப்பறையில் நடத்திப் பார்த்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி (தொடக்கப்பள்ளி ஆசிரியர்)

தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் எந்தப் பிள்ளைக்கும் தனிக் கணக்கு இருக்கக் கூடாது. பெரும்பாலான தளங்கள் பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களைக் கணக்குத் தொடங்க அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்ட சிறார் இணையத் தனியுரிமைச் சட்டத்திலிருந்து வந்த எல்லை இது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் அதைப் பதினாறாக உயர்த்தி நடைமுறைப்படுத்தியது. வயதைக் கூட்டிக் காட்டிக் கணக்குத் தொடங்கச் சொல்லும் ஆசிரியர், பாடம் தொடங்கும் முன்பே பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்.

ஆகவே வகுப்பு முழுவதற்கும் ஒரே கணக்கு, அதுவும் பள்ளியின் பெயரில் இருக்கட்டும். கடவுச்சொல்லும் பதிவிடும் பொறுப்பும் ஆசிரியரிடமே இருக்கட்டும். பிள்ளைகளின் வேலை அதற்கு முன்னால் நடக்கிறது: கரும்பலகையில் எல்லோரும் சேர்ந்து வாக்கியத்தை அமைப்பதும், நம்மை அறியாத ஒருவருக்கு இது புரியுமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதும், தேவையற்ற சொல்லை அழிப்பதும்தான் உண்மையான மொழிப் பாடம். விதை முளைப்பதைக் கவனிக்கும் பாடத்தை என் வகுப்பும் தொலைவிலுள்ள இன்னொரு வகுப்பும் ஒரே வாரத்தில் நடத்தின. எங்கள் பிள்ளைகள் ‘செடி நன்றாக வளர்ந்துள்ளது’ என்று எழுதியிருந்தார்கள். எத்தனை சென்டிமீட்டர் என்று மறுவகுப்பிலிருந்து கேள்வி வந்தது. அதன்பின் அளவுகோல் இல்லாமல் ஒரு பிள்ளையும் செடியருகே போகவில்லை. அளந்து எழுதும்படி நான் பலமுறை சொல்லியும் ஏற்படாத பழக்கம் அது.

எக்ஸ் தளத்தில் கட்டணமில்லாக் கணக்கின் ஒரு பதிவுக்கு உள்ள 280 குறி எல்லை சுருக்கி எழுதப் பழக்குவதற்கு நல்ல கருவி. அதைத் தாளிலேயே செய்யலாம், இணையம் தேவையில்லை. கணினி ‘க்’ என்பதையும் ‘கா’ என்பதையும் இரண்டிரண்டு குறிகளாக எண்ணுகிறது என்று சொன்னால், புள்ளியையும் துணைக்காலையும் பிள்ளைகள் ஆவலோடு எண்ணத் தொடங்குவார்கள்.

மறுமொழி (ஒரு பெற்றோர்)

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒளிப்படங்களைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். பிள்ளையின் முகம், சீருடை, பள்ளியின் பெயர், நாள்தோறும் வெளியே வரும் நேரம் ஆகியவை தனித்தனியே சிறு செய்திகளாகத் தோன்றினாலும், ஒரே பக்கத்தில் சேரும்போது முன்பின் தெரியாத எவரும் அந்தப் பிள்ளையைத் தேடி வந்துவிட முடியும். குடும்ப வழக்கு காரணமாகப் பெற்றோரில் ஒருவருக்கு இருப்பிடம் தெரியக் கூடாத பிள்ளைகளும் வகுப்பில் இருக்கலாம். அவர்கள் அதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். எனவே பிள்ளை வரைந்த படத்தையும், எழுதிய தாளையும், செய்த பொருளையும் வெளியிடுங்கள், முகம் வேண்டாம். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கக்கூடும். அதைச் சுருக்காமல் ஆவணமாக அனுப்பினால் அந்தத் தகவலும் உடன் செல்லும் என்பதால், கேமராவின் இருப்பிட வசதியை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.

சேர்க்கையின்போது வாங்கும் பொதுவான கையொப்பம் இதற்குப் போதாது. எங்கே, யார் பார்க்கும்படி, எவ்வளவு காலம் என்பதை விளக்கித் தனியாகக் கேளுங்கள். இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகவே கருதி, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கோருகிறது. மறுக்கும் பெற்றோரின் பிள்ளையை ஓரமாக நிற்க வைத்துவிட்டுப் படம் எடுப்பது எனக்கு மிகுந்த வேதனை தரும் காட்சி. அப்படி நிற்க நேரும் என்றால் அந்தப் படமே வேண்டாம்.

மறுமொழி (தலைமையாசிரியர்)

பெற்றோர் குழுவில் பாடம் நடத்தும் யோசனையை நான் ஏற்கவில்லை. வழக்கமான வாட்ஸ்அப் குழுவில் சேரும் ஒவ்வொருவருடைய எண்ணும் மற்ற அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. அங்கே ஒரு பிள்ளையின் விடைத்தாளைப் பாராட்டிப் போட்டால், பாராட்டுப் பெறாத பிள்ளைக்கு அன்றிரவே வீட்டில் கேள்வி எழுகிறது. நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பும் வகையில் அமைத்து, அறிவிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி இல்லாத வீட்டுக்கு அதே அறிவிப்பு தாளில் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால், பாதிக்கப்படுவது அந்தப் பிள்ளைதான்.

யூடியூப் காணொளியை ஆசிரியர் முழுமையாகப் பார்த்த பிறகே வகுப்பில் காட்ட வேண்டும். சிறாருக்கானவை என்று குறிக்கப்பட்ட காணொளிகளில் 2020 ஜனவரி முதல் கருத்துரைப் பகுதியும், பார்ப்பவரின் பழக்கத்தைக் கணித்துக் காட்டும் தனிப்பயன் விளம்பரங்களும் நிறுத்தப்பட்டுள்ளன. எனினும் அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியை நாம்தான் அணைக்க வேண்டும். வகுப்புக் கணக்கைப் பள்ளியின் மின்னஞ்சலில் தொடங்குங்கள். ஆசிரியர் மாறுதலாகிச் சென்றாலும் பிள்ளைகளின் எழுத்து பள்ளியின் பொறுப்பிலேயே இருக்கும்.

வினா எழுப்பிய ஆசிரியை

மூவருக்கும் நன்றி. முகப் படம் இல்லாமல், பள்ளியின் பெயரில் ஒரே கணக்கு என்று முடிவு செய்கிறேன். இன்னும் ஓர் ஐயம் மட்டும் இருக்கிறது. அறியாத ஒருவர் பிள்ளையின் எழுத்தைக் கேலி செய்து எழுதினால் என்ன செய்வது?

மறுமொழி (தொடக்கப்பள்ளி ஆசிரியர்)

அத்தகைய கருத்து வகுப்பறைக்குள் வராதபடி முதலிலேயே அமைத்துவிடலாம். ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு உலகம் முழுவதும் வாசகராக இருக்க வேண்டியதில்லை. தொலைவில் உள்ள ஒரு வகுப்பு போதும். பதிவுகளை அந்த வகுப்பு மட்டுமே காணும்படி வைக்கும் தளத்தையோ, உங்கள் ஒப்புதலுக்குப் பிறகே கருத்துரைகளை வெளியிடும் வலைப்பதிவையோ தேர்ந்தெடுங்கள். வரும் கேள்விகளை அச்சிட்டு எடுத்துச் சென்று வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். விருப்பக் குறிகளின் எண்ணிக்கையை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள், ஏனெனில் அந்த எண் தெரிந்த கணமே, எழுத்தைப் பற்றி நடந்துகொண்டிருந்த உரையாடல் யாருக்கு எத்தனை என்ற ஒப்பீடாக மாறிவிடுகிறது. பிறகு அதை மீட்பது மிகக் கடினம்.

தொடங்குவதற்கு முன் மறுவகுப்பின் ஆசிரியருடன் ஒருமுறை நேரில் பேசிவிடுங்கள். முடியாவிட்டால் காணொளி அழைப்பில் பேசுங்கள். அவர் யார் என்பதும், அவருடைய வகுப்பில் பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கப்பட்டதா என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதன்பின் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழையளவு, பறவைகள், நிழலின் நீளம் போன்று இரு இடங்களிலும் வேறுபடக்கூடிய ஒன்றாக அது இருந்தால், பிள்ளைகளுக்குக் கேட்பதற்குக் கேள்விகள் தாமாகவே கிடைக்கும்.