கடைசி நாள் போய் நான்கு நாள்: திட்டத்தை விவசாயிக்குச் சொல்ல ஒதுக்கும் பணம் எங்கே போகிறது?

மலையடிவாரத்தான்

ஒடுகத்தூர்ப் பக்கம் எனக்கு இரண்டேகால் ஏக்கர். முக்கால் ஏக்கருக்குக் கிணறு உண்டு, மீதி வானம் பார்த்த பூமி. ஆடிப்பட்டத்தில் அதில் நிலக்கடலைதான். எங்கள் வாயில் மல்லாட்டை. போன வருடம் காய் பிடிக்கிற நேரத்தில் மழை ஏமாற்றிவிட்டது. செடி பச்சையாகத்தான் நின்றது. பிடுங்கிப் பார்த்தால் நாலு காய், அதில் பாதி பொக்கு.

பயிர்க் காப்பீடு செய்திருக்கலாமே என்பீர்கள். செய்யத்தான் போனேன். சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம், ஆதார் நகல் எல்லாம் மஞ்சள் பையில். இ-சேவை மையத்துப் பெண், "கடைசி நாள் போய் நாலு நாள் ஆகிறதே ஐயா" என்றாள். எங்கே அறிவித்தார்கள் என்று கேட்டேன். ஓர் அலுவலகத்தில் ஒட்டியிருப்பதாகச் சொன்னாள். போய்ப் பார்த்தேன். பொய் இல்லை. மாடிப்படிக்கு அடியில், பழைய ஏல அறிவிப்புக்கும் கொசு ஒழிப்பு நோட்டீசுக்கும் நடுவில், ஒரு வெள்ளைத் தாள்.

திரும்பும் வழியில் கூட்டுரோட்டில் அதே காப்பீட்டுக்கு என் வீட்டுச் சுவரைவிடப் பெரிய ஃப்ளெக்ஸ். சிரித்த முகங்கள், ஒரு டிராக்டர். கடைசித் தேதி இல்லை, பிரீமியம் எவ்வளவு என்று இல்லை, யாரைப் பார்ப்பது என்று இல்லை. பின்னால் விளைந்து நின்றது கோதுமை. வேலூர் மாவட்டத்தில் கோதுமை!

விவசாயிக்குத் திட்டத்தைச் சொல்வதற்கென்றே அரசு பணம் ஒதுக்குகிறதா? ஒதுக்கினால் எங்கள் வட்டாரத்துக்கு எவ்வளவு வந்தது, எதில் போனது என்று நான் யாரிடம் கேட்பது? முன்பு தண்டோரா போட்டால் கழனியில் நிற்பவன் காதிலும் விழும். இப்போது சுவருக்குத்தான் தெரிகிறது.

பழைய வேளாண் அலுவலர்

வட ஆற்காடு பிரிவதற்கு முன்பே, 1986இல் பணியில் சேர்ந்தவன் நான். உங்கள் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு, அதனால் மறைக்காமல் சொல்கிறேன்.

பணம் இருக்கிறது. ஒரே பையில் இல்லை, அதுதான் சிக்கல். வட்டாரத்தில் நீங்கள் பார்க்கும் பயிற்சி, செயல்விளக்கம், பண்ணைப் பள்ளி, கண்டுணர்வு சுற்றுலா எல்லாம் 'அட்மா' என்ற வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமையின் கணக்கில் வரும். 2005இல் வந்த திட்டம். இப்போது மத்திய அரசு 60, மாநிலம் 40. தொலைக்காட்சி, வானொலி நிகழ்ச்சிகளுக்கு வேறு ஒதுக்கீடு. 2004இல் தொடங்கிய உழவர் அழைப்பு மையம் (1800-180-1551, தமிழிலேயே பேசலாம்) இன்னொரு கணக்கு.

காப்பீட்டின் கதை தனி. 2018இல் திருத்திய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்ட நெறிமுறைப்படி, காப்பீட்டு நிறுவனம் தான் வசூலிக்கும் மொத்த பிரீமியத்தில் 0.5 விழுக்காட்டையாவது விவசாயிகளுக்குத் தெரிவிப்பதற்குச் செலவிட்டாக வேண்டும். மொத்த பிரீமியம் என்றால் நீங்கள் கட்டும் 2 விழுக்காடு மட்டும் அல்ல, அரசுகள் சேர்த்துக் கட்டும் மானியமும் சேர்ந்தது. ஆகவே உங்கள் கோதுமைப் படம் யார் செலவில் வந்திருந்தாலும், அதில் பொதுப்பணம் இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி என் பங்கு. நான் இருந்த இடங்களில் பயிற்சிக்கான பணம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில்தான் கைக்கு வரும். மார்ச் 31க்குள் செலவுக் கணக்கு காட்ட வேண்டும். ஆடியில் சொல்ல வேண்டியதை மாசியில் சொல்வோம். நாற்பது பேரைச் சேர்த்து, வடை டீ கொடுத்து, பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டால் கோப்பு நிறைந்துவிடும். ஊருக்கு ஊர் வருவதும் அதே நாற்பது பேர்தான். கையெழுத்துப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும்.

கேட்பதற்கு வழி தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்; 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் எனக்குச் சொல்லவில்லை" என்று எழுதாதீர்கள், அதற்குப் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்: வட்டாரத்துக்கு வந்த தொகை, வந்த தேதி, செலவுச் சீட்டுகளின் நகல், பயிற்சி வருகைப் பதிவேடு. வந்த தேதியை மறந்துவிடாதீர்கள். பாதிக் கதை அதில்தான்.

கத்தரித் தோட்டம், இலவம்பாடி

அண்ணா, மல்லாட்டை போனதற்கு வருத்தம். ஆனால் தண்டோரா காதில் விழுந்தது என்கிறீர்களே, அதை அடிக்க எந்தத் தெருவிலிருந்து ஆள் அழைத்தார்கள் என்பதையும் சேர்த்து நினையுங்கள். 2022 ஆகஸ்டில் அரசே அது வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லட்டும், அதே காதில்தான் விழும்.

அலுவலர் ஐயாவுக்கு ஒன்று. அட்மா பணத்தில் குறைந்தது 30 விழுக்காடு பெண்களுக்கு என்று விதி இருப்பதை ஒரு பயிற்சிக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். எனக்குப் பின்னால் கையெழுத்துப் போட்டவர்களில் மூன்று பேர் தங்கள் மனைவி பெயரைப் போட்டுவிட்டு அவர்களே உட்கார்ந்தார்கள். கூட்டம் காலை பத்தரைக்கு; வீட்டில் மாடு வைத்திருப்பவள் அந்த நேரத்துக்கு எங்கே வருவாள்? தகவல் வாட்ஸ்அப்பில் வந்ததாம். ஃபோன் மகன் கையில், மகன் காட்பாடியில் கல்லூரியில்.

எங்கள் முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு (இந்த மண்ணின் சரக்கு என்ற சட்டப்படியான அடையாளம்) கிடைத்ததை எனக்குச் சொன்னது எந்த அலுவலகமும் இல்லை. வேலூர் உழவர் சந்தையில் அரைக்கிலோ காய் வாங்க வந்த ஓர் ஆசிரியை. அந்தப் பெயரைப் போட்டு விற்க நாமும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். கத்தரிக்காய்க்குக் காசு வாங்கவே கூச்சமாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

குடியாத்தத்துக்காரன்

நான் பெல்ஜியத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே விவசாயிகளுக்கு உதவித்தொகை கொடுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வேளாண் கொள்கை 1962 முதல் நடக்கிறது, அந்த ஒன்றியத்தின் பட்ஜெட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்கே. அதை மக்களுக்கு விளக்குவதற்கென்றே ஆண்டுதோறும் விண்ணப்பம் வாங்கி, ஊடகங்கள், சங்கங்கள் போன்றவற்றுக்குச் செலவில் 60 விழுக்காடு வரை மானியம் கொடுக்கிறார்கள். பணம் கொடுத்தவரைப் பற்றியே எழுதினால் அது செய்தியா விளம்பரமா என்ற சண்டையும் கூடவே இருக்கிறது. ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது: யார் பணம் என்பதை அந்த ஆக்கத்திலேயே அச்சிட்டாக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு 2024 பிப்ரவரியில் விவசாயிகள் டிராக்டர்களோடு வந்து பிரஸ்ஸல்ஸ் தெருக்களை அடைத்தார்கள். அன்று நான் அலுவலகத்துக்கு நடந்தே போனேன்.

ஏரிக்கரை

செலவை எழுதிவைக்க பெல்ஜியம் போக வேண்டாம். எங்கள் ஏரியில் நூறு நாள் வேலை நடந்த இடத்தில் மதிப்பீடு இவ்வளவு, கூலி இவ்வளவு என்று சிமென்ட் பலகை நிற்கிறது. ஃப்ளெக்ஸின் மூலையில் ஒரு வரி எழுதினால் மை தீர்ந்துவிடுமா?

மலையடிவாரத்தான்

தங்கச்சி சொன்னது சரி. எங்கள் ஊரில் அடித்தவர் யார், அவருக்குக் கூலி என்ன கொடுத்தோம் என்பது எனக்குத் தெரியும். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

நேற்று வில்லை வாங்கிவிட்டேன். ஐந்து கேள்வி எழுதியிருக்கிறேன்: அலுவலர் ஐயா சொன்ன நான்கு, காப்பீட்டு விளம்பரத்துக்கு நம் மாவட்டத்தில் போன வருடம் நிறுவனம் என்ன செலவு காட்டியது என்பது ஐந்தாவது. யாருக்கு முகவரி எழுதுவது?

பழைய வேளாண் அலுவலர்

பொதுத் தகவல் அலுவலர், வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகம், வேலூர். காப்பீட்டு நிறுவனத்துக்கு நேராக எழுதாதீர்கள். தனியாராக இருந்தால் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று தட்டிக்கழிப்பார்கள். துறையிடம் உள்ள அறிக்கை நகலைக் கேளுங்கள். அது வேறு அலுவலகத்தில் இருந்தால் ஐந்து நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்பிவைக்க வேண்டும். தபாலில் போடாமல் நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.